அறுபத்திரண்டு சென்டிமீட்டர் குழல்

தொடாத வட்டங்கள்

இரட்டைக் குழல் துவக்கின் வாயை நேரே பார்த்தால் இரண்டு வட்டங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கடந்த பெப்ரவரியில் என் மேசைக்கு வந்த துவக்கில் அவை தொடவில்லை. நடுவில் ஒரு நெல்மணி அகலத்துக்கு இடைவெளி இருந்தது. அதை ஏதோ ஓர் உலோகத் துண்டால் அடைத்து ஈயம் பூசியிருந்தார்கள். குழலை வாய்ப்பக்கத்தில் வெட்டினால்தான் அப்படி இடைவெளி தெரியும். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு வேறு சாட்சி தேவையில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாவை நான் அன்றுதான் முதன்முறை பார்த்தேன். ஆனால் அவர் யாரென்று எனக்குத் தெரியும். என் மகள் விரும்பும் பெடியனின் தாய்.

பலேர்மோவில் எங்கள் பிள்ளைகள் இப்போது வீட்டு வேலையோடு நிற்பதில்லை. கராஜ், பட்டறை, கடை என்று போகிறார்கள். தொழில் அனுபவம் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சிலர் கேட்டார்கள். எழுத நல்ல சம்பவங்கள் எத்தனையோ உண்டு. இந்த ஒன்றை எழுதி முடிக்காமல் மற்றவற்றை எழுதக் கை போகவில்லை.

கட்டையிலிருந்து நீளத்துக்கு

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் விஞ்ஞானப் பிரிவில் படித்தவன். இங்கே வந்து எல்லோரையும் போல ஸிஞ்ஞோரா என்று நாங்கள் அழைக்கும் ஓர் இத்தாலிய அம்மாவின் வீட்டில் தரை துடைத்தேன். அவருடைய தம்பிதான் மாஸ்த்ரு மிம்மோ. மாஸ்த்ரு என்றால் இந்த ஊர்ப் பேச்சில் தொழில் தெரிந்த மேஸ்திரி. அவருக்கு ஓர் ஆர்மெரியா இருக்கிறது. துவக்கு விற்கவும் திருத்தவும் லைசென்ஸ் உள்ள கடை. முதலில் அந்தக் கடையைக் கூட்டத்தான் போனேன். ஒருநாள் மாஸ்த்ருவின் கையில் கட்டுப் போட்டிருந்தது. ஒரு குழலின் உட்பக்கத்தைத் துடைத்துத் தரச் சொன்னார். துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். உள்ளே கண்ணாடிபோல வளையம் வளையமாகத் தெரிந்தது.

“நாளையிலை இருந்து தும்புத்தடியை வேறை ஆரிட்டையும் குடு” என்றார். அவர் சொன்னது சிசிலியன் பேச்சில். அவர்கள் பேச்சு என் வாயில் எப்படி விழுகிறதோ அப்படியே எழுதுகிறேன்.

துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவன் துவக்குக் கடையில் வேலை செய்வது எங்கள் ஆட்களுக்குப் பெரிய பகிடி. கோயிலில் ஒருவர் பிரசாதம் வாங்கும் வரிசையில் வைத்தே கேட்டார்: “அங்கை இருந்து தப்பி வந்தனி, இஞ்சை அதைத் தடவிக்கொண்டு இருக்கிறாய், என்ன?” நானும் சிரித்தேன். துடைக்கிற துவக்குக்கு நான் பயந்ததில்லை.

எங்கள் கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை பழைய சிறு காலிப்ரோ துவக்குகள். 28, 36 என்று சொல்வார்கள். எண் கூடக் கூட துளை சிறியது. தோட்டா பெருவிரல் தடிப்புக்கூட இராது. துவக்கும் இலேசு.

முப்பது நாற்பது வருடங்களுக்கு முன் இங்குள்ள வேட்டைக்காரர் எல்லோரும் கட்டைக் குழல்தான் கேட்டார்களாம். முயல் பற்றைக்குள் ஓடும். காடை காலடியில் இருந்து திடீரென்று எழும்பும். துவக்கு சட்டென்று தோளுக்கு வரவேண்டும். எழுபது சென்டிமீட்டர் குழலோடு ஒருவர் வந்தால் மற்றவர்கள், “என்ன, மீன் பிடிக்கவே போறியள்?” என்று சிரிப்பார்கள். ஆகவே நீளக் குழலோடு இருந்த நல்ல துவக்குகளைக் கொண்டுவந்து வெட்டச் சொன்னார்கள். வெட்டியவர் மாஸ்த்ருவின் தகப்பனார். நாங்கள் அவரைப் பெரிய மாஸ்த்ரு என்போம். நான் சேர்ந்தபோது இருந்தார். கொஞ்சக் காலத்தில் போய்விட்டார்.

இப்போது எல்லாம் மாறிவிட்டது. வருபவர்களில் பாதிப் பேர் மண்தட்டைப் பறக்கவிட்டுச் சுடுபவர்கள், மீதிப் பேர் பழைய துவக்குச் சேர்ப்பவர்கள். அவர்களுக்கு நீளம் வேண்டும். இலேசான துவக்கில் குழலும் கட்டையாக இருந்தால் அது கைக்குள் துள்ளும். பறக்கும் இலக்கைத் தொடர்ந்து போகாமல் இடையில் நின்றுவிடும். நீளக் குழலின் முன்பாரம் கையைத் தானே சீராக இழுத்துக்கொண்டு போகும். நீளத் தும்புத்தடியால் கூட்டுவதற்கும், அதன் கம்பைப் பாதியில் ஒடித்துவிட்டுக் கூட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். பழைய 28 ஒன்று எழுபத்தொரு சென்டிமீட்டர் குழலோடு வந்தால் வடக்கு இத்தாலியில் இருந்துகூட ஆள் வருகிறது. அறுபத்திரண்டு என்று சொன்னால், “அது குடைக்கம்பி, நீயே வைச்சிரு” என்று போனை வைக்கிறார்கள்.

“என்ர அப்பா நல்ல நல்ல துவக்கை எல்லாம் வெட்டினார்” என்று மாஸ்த்ரு அடிக்கடி சொல்வார். “கேட்டு வந்தவையின்ர தலைமயிரை வெட்டி அனுப்பியிருக்கலாம். அதாவது திருப்பி வளர்ந்திருக்கும்.”

ஆகவே வெட்டிய குழலைக் காட்டிப் பயப்படும் வாடிக்கையாளருக்கு நான் சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. அது அந்தக் காலத்து மோஸ்தர், லைசென்ஸ் உள்ள கடை வெட்டியது, குற்றம் ஒன்றுமில்லை. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பெரிய மாஸ்த்ருவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வெட்டிய குழல்களுக்கு நடுவே வைக்கும் அடைப்புத் துண்டின் அடிப்பக்கத்தில் அரத்தால் இரண்டு மெல்லிய கோடுகள் இழுப்பார். பிறகு வாங்குபவன் ஏமாறக் கூடாதாம். வெட்டியது நான், ஒளிக்க ஒன்றுமில்லை என்று அர்த்தம். அவர் அந்தக் கோடுகளை இழுப்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கடையில் ஓர் ஒழுங்கும் உண்டு. துவக்கு மேசைக்கு வந்தால் முதலில் துடைக்க வேண்டும். பிறகு அளக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வாய் திறக்கலாம்.

சியாகுல்லியில் இருந்து வந்தவர்

என் மகள் நிலானி தாதிப் படிப்புப் படிக்கிறாள். பஸ்ஸில் அறிமுகமான சால்வோ என்ற பெடியனைப் பற்றி அவள் சொன்னபோது நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெடியன் தாயோடு சேர்ந்து நகரத்தின் ஓரத்தில் உள்ள சியாகுல்லியில் மண்டரின் தோட்டம் பார்க்கிறான். தகப்பன் இல்லை. சியாகுல்லி மண்டரின் மற்றத் தோடம்பழமெல்லாம் முடிந்த பிறகு பழுக்கும், தேன் மாதிரி இருக்கும். ஆனால் எனக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் பழம் நினைவுக்கு வரவில்லை. நான் வந்த புதிதில் ஸிஞ்ஞோராக்கள் குரலைத் தாழ்த்திச் சொன்ன பழைய மாஃபியாக் கொலைக் கதைகள்தான் வந்தன.

“அப்பா, சால்வோவின்ர அம்மா நாளைக்கு உங்கட கடைக்கு வருவா” என்றாள் நிலா ஒரு பின்னேரம். “பழைய துவக்கு ஒண்டு குடுக்கவேணுமாம். ஒழுங்காக் கதையுங்கோ, என்ன?”

“நான் எப்பதான் ஒழுங்கில்லாமல் கதைச்சனான்?”

“அதுதான் சொல்லுறன். முகத்தை இப்பிடி வைச்சிருக்காதேங்கோ.”

மறுநாள் மாஸ்த்ரு கடையில் இல்லை. லைசென்ஸ் விஷயமாக குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்துக்குப் போயிருந்தார். வேட்டைக்காலம் முடிந்திருந்ததால் கடையில் ஒரே ஒரு வாடிக்கையாளர்தான். பெப்பே. பிரான்காச்சோவில் கராஜ் வைத்திருப்பவர். எண்ணெய்ப் போத்தல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணித்தியாலம் ஊர்க்கதை பேசக்கூடியவர்.

ஸிஞ்ஞோரா பினா உள்ளே வந்தார். கட்டையான உடம்பு, கறுப்புக் கோட்டு, கையில் மண்டரின் பை. வேட்டை லைசென்ஸ் உள்ள அவருடைய மைத்துனர் துவக்குப் பையை மேசையில் வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போனார். பழப்பையை ஸிஞ்ஞோரா என் பக்கம் தள்ளினார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எடை போடுகிறார் என்று நினைத்தேன்.

“இந்தத் துவக்கை எடுத்துக்கொள்ளுங்கோ” என்றார். “என்ன கிடைச்சாலும் சரி, ஒண்டும் கிடைக்காட்டிலும் சரி. ஈஸ்டருக்கு முன்னம் இது என்ர வீட்டிலை இருக்கக் கூடாது.”

“ஏன் அவ்வளவு அவசரம்?”

“அவசரம்தான்.”

பழைய 28 துவக்கு. கழற்றினேன். ஒழுங்குப்படி துடைக்க வேண்டும். வாய்ப்பக்கம் பழைய எண்ணெயும் தூசும் சேர்ந்து கறுத்துப் போயிருந்தது. துடைக்கவில்லை. வட்டங்கள் தொடாததைத்தான் கண்டேன். உடனே அளவுகோலை வைத்தேன். அறுபத்திரண்டு. இத்தாலியக் குழலின் அடியில் அதன் நிறை பொறித்திருக்கும். தராசில் போட்டேன். பொறித்ததைவிடத் தொண்ணூறு கிராம் குறைவு. இறுக்கமான சோக் என்று நட்சத்திரக் குறி சொன்னது. சோக் என்பது வாயருகே குழல் ஒடுங்கும் இடம். அளவி போட்டுப் பார்த்தால் ஒடுக்கமே இல்லை. எட்டு சென்டிமீட்டர் போயிருக்கிறது.

“இதை ஆர் வெட்டினது?” என்று கேட்டேன்.

“வெட்டினதோ?” அவர் குனிந்து பார்த்தார். “எனக்குத் தெரியாது, ஸிஞ்ஞோர். என்ர புருஷன்ர துவக்கு. நான் கலியாணம் கட்டி வரேக்கையே சுவரிலை கிடந்தது.”

பெப்பே எண்ணெய்ப் போத்தலை வைத்துவிட்டு மேசைக்குக் கிட்ட வந்தார்.

“ஏன் வெட்டினவர்?”

“தெரியாதெண்டுதானே சொல்லுறன்.”

இந்த ஊரில் வெட்டிய குழலுக்கு ஒரு தனிப்பெயர் உண்டு. லுப்பாரா. கோட்டுக்குள் ஒளித்துக் கொண்டுபோகும் அளவுக்குக் குறுக்கிய துவக்கு. பழைய கொலைகளின் துவக்கு. நான் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமல் சொல்வது எப்படி என்று எனக்குத் தெரிந்திருந்தது. துவக்கின் வாயை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். பிறகு கேட்டேன்:

“உங்கட புருஷன் எப்பிடிச் செத்தவர்?”

பெப்பே நாக்கால் ‘ச்’ என்று ஒரு சத்தம் போட்டார். ஸிஞ்ஞோரா பினாவின் முகம் வெளுத்தது. அவர் பெப்பேயையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“ஏணியாலை விழுந்து” என்றார். “பழம் பிடுங்கேக்கை.”

துவக்கு மேசையிலேயே கிடக்க, அவர் வெளியே போய்விட்டார். அவர் கதவைச் சாத்த முன்னமே பெப்பே சிரித்தார். “ஏணியாம்” என்றார். நானும் தலையை ஆட்டினேன். ஆட்டினேன் என்பதை மறைத்துவிட்டு எழுதலாம். அது இந்தக் கதையில் இருக்கவேண்டிய தலையாட்டல்.

தழும்பு

எங்கள் வீடு அல்பெர்கேரியாவில், பலாரோ சந்தைக்குப் பின்னால். படி ஏறும்போதே நிலாவின் குரல் வந்தது.

“அப்பா, அவ வந்தவவே? என்ன சொன்னவ?”

“அது வெட்டின துவக்கு, பிள்ளை.”

“அதுக்கு?”

“அதுக்கு எண்டு கேக்கிறாய். வெட்டின குழல் எண்டா இந்த ஊரிலை என்ன எண்டு தெரியாதே? நீ இஞ்சை பிறந்தனி.”

“இஞ்சை பிறந்தபடியாலைதான் கேக்கிறன். எவ்வளவு நீளம்?”

“அறுபத்திரண்டு.”

“அறுபத்திரண்டைக் கோட்டுக்குள்ளை ஒளிக்கேலுமே? நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள், அது அந்தக் காலத்து மோஸ்தர் எண்டு.”

“நீளம் இல்லைப் பிரச்சினை. ஏன் வெட்டினவை எண்டு கேக்க, அந்த மனுசிக்குத் தெரியாதாம்” என்றேன்.

என் மனைவி சாந்தி குசினிக்குள் இருந்து சொன்னாள்: “தெரியாமல் இருக்கும்தானே. உங்கட அந்த ட்ரில் மெஷினைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நாளைக்கு ஆரும் வந்து விசாரிச்சா நானும் முழிக்கத்தான் வேணும்.”

“நீ சும்மா இரு. பிள்ளை, அந்த வீட்டுக்கு நீ இனிப் போகேலாது.”

நிலா என் முதுகுப் பக்கமாக வந்து நின்றாள். பிறகு, “அப்பா, உங்கட முதுகிலை ஒரு தழும்பு இருக்கு” என்றாள்.

இருக்கிறது. பத்தாம் வகுப்புப் படிக்கும்போது கிணற்றடியில் பாசியில் வழுக்கி, துலாக் கல்லில் முதுகு கிழிந்தது. அந்தத் தழும்பால் எத்தனை சோதனைச் சாவடியில் பஸ்ஸில் இருந்து இறக்கப்பட்டேன் என்று அவளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். சட்டையைத் தூக்கச் சொல்வார்கள். எந்தச் சண்டையில் பட்டது, யார் பக்கத்தில் நின்றாய் என்று கேட்பார்கள். கிணற்றடி என்று சொன்னால் சிரிப்பார்கள்.

“நீங்கள் கிணத்தடி எண்டு சொன்னனீங்கள். அவ ஏணி எண்டு சொன்னவவாம். சால்வோ போன் பண்ணினவன். நீங்கள் அந்தக் கராஜ்காரனோடை சேர்ந்து சிரிச்சனீங்களாம்.”

“நான் சிரிக்கேல்லை.”

“அப்ப என்ன செய்தனீங்கள்?”

“அது வேறை, இது வேறை, பிள்ளை.”

“என்ன வேறை?” என்று கேட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்தினாள்.

அன்று என் பயத்தை நான் தகப்பனின் பொறுப்பு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரே பிள்ளை. சாவுச் செய்திகளுக்குள் வளர்ந்து, எவ்வளவோ தூரம் ஓடி வந்து பெற்ற பிள்ளை. அவளை ஒரு துவக்கு வீட்டுக்குள் எப்படி அனுப்புவது? இதையே திரும்பத் திரும்ப நினைத்தேன். துவக்கின் வாயைத் துடைக்கவில்லையே என்று ஒருமுறைகூட நினைக்கவில்லை.

இரண்டு கோடுகள்

அடுத்த நாள் மாஸ்த்ரு வந்தார். மேசையில் இருந்த துவக்கைப் பற்றி நடந்ததைச் சொன்னேன். என் பக்க நியாயத்தோடுதான் சொன்னேன். அவர் முதலில் துணியில் எண்ணெய் விட்டு, குழலின் வாயைத் துடைத்தார். கறுப்பு உரிந்து வந்தது. கவிழ்த்துப் பிடித்தார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, பெருவிரலை அந்த அடைப்புத் துண்டின் அடியில் வைத்து அழுத்தினார்.

இரண்டு கோடுகள். விரலுக்கே தெரிந்தது.

“ஆரின்ர வேலை?” என்று கேட்டார்.

“பெரிய மாஸ்த்ருவின்ர.”

“எங்கை வெட்டினது?”

நான் கையை இழுத்து இடுக்கியில் ஊன்றினேன்.

“இந்த மேசையிலை, ரவி. நீ கை வைச்சுக்கொண்டு நிக்கிற இந்த இடுக்கியிலை. எங்கட கடை வெட்டின குழலை எங்கட கடையிலையே வைச்சு அந்த மனுசிக்குக் காட்டி, உன்ர புருஷன் கொலைகாரனோ எண்டு கேட்டிருக்கிறாய்.”

“நான் அப்பிடிக் கேக்கேல்லை, மாஸ்த்ரு.”

“வேறை எப்பிடிக் கேட்டனி? திருப்பிக் கேள், பாப்பம்.”

மேசையில் கிடந்த அளவுகோலை எடுத்து உள்ளே வைத்தேன்.

அவர் கதிரையில் இருந்தார். குரல் இறங்கியது. “அந்த மனுசனை எனக்குத் தெரியும். என்ர தோள் உயரம்தான். நீளக் குழல் மண்டரின் கிளைக்குள்ளை மாட்டுப்படுது எண்டு கொண்டு வந்தவர். அப்பா, ‘குழலை வெட்டவோ, மரத்தை வெட்டவோ?’ எண்டு கேட்டார். ‘மரம் சாப்பாடு போடுது, குழலை வெட்டுங்கோ’ எண்டார். கடையே சிரிச்சது. ஏணியாலை விழுந்துதான் செத்தவர். செத்த வீட்டுக்கு நானும் போனனான்.”

துணியை என்னிடம் எறிந்தார். “இப்ப துடைச்சு முடி. முடிச்சிட்டு பஸ் எடு.”

மண்டரின் கத்தரி

சியாகுல்லி பஸ் பிரான்காச்சோவைச் சுற்றிக்கொண்டு போகும். பெப்பேயின் கராஜ் வாசலில் நாலைந்து பேர் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். என்ன கதைக்கிறார்கள் என்று எனக்குத் தெரிய நியாயமில்லை. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஸிஞ்ஞோரா பினா தோட்டத்து முற்றத்தில் பழம் அடுக்கிக்கொண்டிருந்தார். கையில் சிறிய கத்தரி. மண்டரினைப் பிடுங்கக் கூடாது, ஓர் இலையோடு காம்பை வெட்ட வேண்டும். என்னைக் கண்டும் கத்தரி நிற்கவில்லை.

வழியெல்லாம் சேர்த்து வைத்த இத்தாலியன் வசனங்கள் வாயில் வரவில்லை. “துவக்கை வெட்டினது எங்கட கடை. நான் பாத்திருக்கவேணும். பாக்காமல் கேட்டுட்டன்” என்று மட்டும் சொன்னேன்.

“ஓம்” என்றார்.

இன்னும் இரண்டு பழம் பெட்டிக்குள் போயின.

“ஏன் அவசரம் எண்டு கேட்டனீங்கள்தானே. இப்ப சொல்லுறன். ஈஸ்டருக்கு உங்கட குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட யோசிச்சிருந்தனான். நிலா ஒருநாள் சொன்னவள், வெடிச் சத்தம் கேட்டா அப்பா இண்டைக்கும் நித்திரையாலை எழும்பி இருப்பார் எண்டு. எங்கட சாப்பாட்டு மேசைக்கு நேரே அந்தத் துவக்குத்தான் தொங்கினது. அதைப் பாத்துக்கொண்டு அந்த மனுசன் எப்பிடிச் சாப்பிடும் எண்டு யோசிச்சன்.”

“நான் துவக்குக் கடையிலைதானே வேலை செய்யிறன், ஸிஞ்ஞோரா.”

“தெரியும். அதாலைதான் உங்களிட்டையே கொண்டு வந்தனான், ஒருக்கால் முகத்தையும் பாப்பம் எண்டு. கடையிலை பாக்கிறது வேறை. சாப்பிட வந்த வீட்டுச் சுவரிலை பாக்கிறது வேறை.”

‘அது வேறை, இது வேறை’ என்று முதல்நாள் நான் நிலாவிடம் சொன்ன அதே சொற்கள் எனக்குக் கேட்டன. அவர் அவற்றை என் பக்கம் நின்று சொன்னார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் கத்தரியைக் கீழே வைத்தார்.

“என்னட்டை வேண்டாம். அங்கை நிண்டு சிரிச்ச மனுசனிட்டைப் போய்ச் சொல்லுங்கோ. இண்டைக்குக் காலமை பாண் வாங்கப் போக, கடைக்காரி என்னைப் பாத்த பார்வை நல்லா இல்லை. செத்த மனுசனுக்கு ஏணி இருந்தது. இப்ப அதுவும் இல்லாமல் போச்சுது.”

பெப்பேயின் கண்

திரும்பும்போது பிரான்காச்சோவில் இறங்கினேன். பெப்பே ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தார். கால்களைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய மாஸ்த்ரு, இரண்டு கோடுகள், அந்தக் காலத்து மோஸ்தர், கிளைக்குள் மாட்டும் நீளக் குழல், ஏணி.

அவர் வெளியே வந்து கையைத் துடைத்தார். “விளங்குது, விளங்குது” என்றார். “மிம்மோ சொல்லச் சொல்லி அனுப்பினவர்போலை.”

“இல்லை. உண்மை இதுதான்.”

“ஓமோம். ஏணி.” ஒரு கண்ணைச் சிமிட்டினார். “நீ நல்லவன், ரவி. உனக்கும் பெம்பிளைப் பிள்ளை இருக்கு. நீ இப்பிடித்தான் சொல்லவேணும். நானும் இதைத்தான் சொல்லியிருப்பன்.”

எவ்வளவு சொன்னாலும் அந்தச் சிமிட்டல் போகவில்லை. முதல்நாள் நான் ஒரு கேள்வி கேட்டேன், அவர் உடனே நம்பினார். இன்று முழுக் கதையும் சொன்னேன், நம்பவில்லை. என்னைச் சாவடியில் இறக்கியவர்கள் பிறகு போகவிட்டார்கள். ஆனால் பஸ்ஸில் திரும்பி ஏறியபோது பக்கத்துச் சீட்டில் இருந்தவர் தள்ளி இருந்தார். அது எனக்குப் பெப்பேயின் கராஜில்தான் நினைவுக்கு வந்தது.

இப்போது

ஈஸ்டருக்கு அழைப்பு வந்தது. போனோம். சாப்பாட்டு மேசைக்கு நேரே சுவரில் இரண்டு கொக்கிகள் மட்டும் இருந்தன. ஸிஞ்ஞோரா பினா எனக்கு இரண்டாம் தரமும் பரிமாறினார். அவருடைய மைத்துனர் சாந்தியோடு பேசினார், பிள்ளைகளோடு பேசினார், என்னோடு பேசவில்லை. அது சரிதான் என்றிருந்தது. எல்லோரும் என்னோடு நன்றாகப் பேசியிருந்தால் அந்தச் சாப்பாடு தொண்டைக்குள் இறங்கியிராது.

துவக்கை ஸிஞ்ஞோரா திருப்பி எடுக்கவில்லை. மாஸ்த்ரு அதை என் மேசைக்கு எதிரே உள்ள அடுக்கில் வைத்தார். அறுபத்திரண்டு சென்டிமீட்டர், வெட்டிய குழல், சோக் இல்லை. இந்தக் காலத்தில் அதை ஒருவரும் வாங்கப்போவதில்லை. நான் வேலையில் இருக்கும் வரைக்கும் அது அங்கேயே இருக்கும்.

பழைய 28 தேடி வருபவர்கள் அதைக் கையில் எடுப்பார்கள். தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, “இதேன் இவ்வளவு கட்டை?” என்பார்கள். சிலர் குரலைத் தாழ்த்தி, “என்ன, லுப்பாராவோ?” என்று பகிடி விடுவார்கள். முன்பென்றால் கேட்டால்தான் சொல்வேன். இப்போது அவர்கள் எடுத்ததுமே எழும்பிப் போகிறேன். குழலைக் கவிழ்த்து அவர்களுடைய விரலை அந்தக் கோடுகளில் வைக்கிறேன். எங்கள் கடை வெட்டியது, மண்டரின் கிளைக்குள் மாட்டாமல் இருக்க வெட்டியது என்கிறேன். பெப்பே கடையில் நின்றால் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன். அவர் எண்ணெய்ப் போத்தலின் லேபிளை வாசித்துக்கொண்டு நிற்பார்.

தொழிலுக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அளவுகோல் எனக்கு அறுபத்திரண்டு என்று சரியாகச் சொன்னது. தராசும் தொண்ணூறு கிராம் என்று சரியாகச் சொன்னது. மீதியை நான் என் பயத்தில் இருந்து எடுத்துப் போட்டேன். உங்கள் மேசைக்கு எது வந்தாலும், யார் வந்தாலும், துடைத்துப் பார்க்க முன்னம் வாய் திறக்காதீர்கள். திறந்த பிறகு துடைத்தால் உண்மை உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது.

நிலா என்னோடு முன்புபோல் பகிடி விடுவதில்லை. ஆனால் பின்னேரம் படிப்பால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது கேட்பாள்.

“இண்டைக்கு ஆரும் அந்தத் துவக்கை எடுத்துப் பாத்தவையே?”

“ஓம். ஒரு மனுசன்.”

“என்ன சொன்னவர்?”

“கட்டை எண்டார்.”

“நீங்கள் சொன்னனீங்களே?”

“சொன்னனான்.”

“முழுக்க?”

“முழுக்கச் சொன்னனான், பிள்ளை. ஏணியையும்.”